வேலியில் தொங்கும் கோப்பைகள்

குழாய் இருமியது.

தண்ணீர் வருமுன் காற்று வந்தால் குழாய் கனைப்பது வழக்கம்தான். இது அப்படியில்லை. நெஞ்சுக்குள் சளியைப் புரட்டி, அடக்கி, மறுபடி இருமும் மனிதச் சத்தம். கெலிஓயா ஊர் மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருந்த அந்தப் பின்னேரத்தில் இராஜேஸ்வரி குழாயை இறுக்கி மூடிவிட்டு, பின்பக்கக் கொட்டிலை முறைத்தாள். எல்லாம் அந்த மூதேவியால் வந்தது.

கொட்டிலில் இருப்பவள் கொழுந்தன் பொண்டாட்டி யசோதா. இருமத் தொடங்கிய அன்றே அவளை அங்கே தள்ளி, அவள் கோப்பையை வேலி ஆணியில் மாட்டியாயிற்று. வீட்டுக் குழாயைத் தொடக்கூடாது. கிணறுதான்.

கண்டி கிளினிக் போய்வந்து யசோதா சொன்னாள்: "இது டீபீ இல்லையாங்க்கா. அது மாதிரி வேற கிருமியாம். தண்ணியில, மண்ணுல இருக்குமாம், ஆளுக்கு ஆள் ஒட்டாதாம். முன்ன வருசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருதான் வருவாங்களாம். இப்ப கிளினிக் வாங்குல எடமில்லாம ஒக்காந்திருக்காங்க."

"தண்ணியில இருக்காமுல்ல! டொக்டரு ஒன்னப் பாத்து எரக்கப்பட்டுச் சொன்னதுடி. போ, ஒன் கோப்பையில குடி."

மருந்தும் கிணற்றுத் தண்ணீருமாக ஒரு வருடத்துக்கு மேல் போய், யசோதாவின் இருமல் நின்றது. வீட்டுக்குள் தொடங்கியது. புதிதாய்ப் பூட்டிய சுடுதண்ணீர் ஷவரில் மணிக்கணக்காய் ஆவி பறக்கக் குளிக்கும் வாடகை அறையில் இருக்கும் மாஸ்டர் இராமகிருஷ்ணன் முதலில். பிறகு புருஷன். இரண்டு பேரின் கோப்பைகளையும் இராஜேஸ்வரியே முகத்தைச் சுளித்துக்கொண்டு வேலியில் மாட்டினாள். இப்போது அவளே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமுகிறாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கொட்டில்தான்.

நாய், தொட்டியில துப்பியிருப்பா. அதைக் கண்டுபிடித்துக் காட்ட, வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் விடும் கூரைத் தொட்டிக்கு ஏணியில் ஏறினாள்.

மூடியைத் தள்ளினாள். ஈரமண் வாடை. தண்ணீர் தெரியவில்லை. அதன் மேலே, பாலில் படிவது போல, இளஞ்சிவப்பாய் ஓர் ஆடை.

அது ஏறியது. இறங்கியது.

கீழிருந்து யசோதாவின் குரல்: "அக்கா, இருமுறது நீங்களா?"

"நான் ஏன்டி இருமுறேன்? நா என்ன ஒன்ன மாதிரியா?"

வேலிப் பக்கம் இன்னோர் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

இராஜேஸ்வரி வாயைப் பொத்தினாள். மூக்கையும். மூச்சை நிறுத்தினாள்.

ஆடை ஏறியது.

பொத்திய கைக்குக் கீழே, மூச்சு விடாமலே, அவள் நெஞ்சும் ஏறியது.