கூடுதலாக ஒரு குரல்

எதிரொலியில் ஒரு குரல் கூடுதலாக இருந்தது.

அவளுடைய மகளும் மகனும் சேர்ந்து "ஓய்!" என்று கத்தினார்கள். பழைய கோட்டையின் நிலவறை, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் நாறும் தன் இருட்டுக்குள் சத்தத்தை வாங்கி, சுவர் சுவராகத் தடவிப் பார்த்துவிட்டு, ஆற அமரத் திருப்பிக் கொடுத்தது. போனது இரண்டு குரல். வந்தது மூன்று. மூன்றாவது, வெகுநேரம் அழுது ஓய்ந்த தொண்டைபோல் கரகரத்தது.

"கேட்டியாண்ணா?" என்று தன் அண்ணனைக் கேட்டாள் அவள்.

"வளைஞ்ச கூரை. சத்தம் சுத்திச் சுத்தி வரும்." அண்ணன் டார்ச்சைக் கூரைக்குத் திருப்பினான். இந்தக் கோட்டையில்தான் அவனுக்கு வழிகாட்டி வேலை. "காலேஜ்ல இதத்தானே படிச்சே?"

படித்திருந்தாள். சுவர் சத்தத்தை வளைக்கும், புதிதாகப் பெற்றுப்போடாது. ஆனால் அண்ணனிடம் போய் என்ன வாதம்?

கல்யாணமாகிப் போனவள் இப்போதுதான் பிறந்த ஊருக்கு வருகிறாள். "நீ பொறந்த ஊரைப் பிள்ளைங்க பார்க்க வேண்டாமா?" என்று போன் மேல் போன் போட்டு வரவழைத்தவன் அவன்தான். காலையெல்லாம் பீரங்கி மேடையிலும் கொத்தளத்திலும், மஞ்சள் சட்டை போட்டிருந்த அவள் மகனைத் தோளில் சுமந்தான்.

"மாமா, குதிரை ஓடவே மாட்டேங்குது!"

"குதிரைக்கு வயசாச்சுடா மருமகனே. கொள்ளு வாங்கிக் கொடு."

எவ்வளவு சிரித்தார்கள்! அவனுடைய பையனும் வந்திருக்கலாம் என்று அவள் சொன்னபோது மட்டும், "ஹாஸ்டல்ல இருக்கான்" என்று வேறெங்கோ பார்த்தான்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க," என்றான் இப்போது. அவள் மகனின் கையை அவன் பிடித்திருந்தான். "அம்மான்னு கூப்பிடுங்க."

"அம்மா!"

இரண்டு அம்மாக்கள் திரும்பி வந்தன. பிறகு, மூலையிலிருந்து, மிக அருகில்:

"அத்தை."

அவளை அப்படிக் கூப்பிட உலகத்திலேயே ஒருவன்தான் உண்டு.

"அண்ணா... உன் பையன் எங்கே?"

கூரையில் இருந்த வெளிச்சம் தரைக்கு இறங்கியது.

"மன்னிச்சிரும்மா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

டார்ச் அணைந்தது.

இருட்டு. மகளின் தோள் கைக்கு அகப்பட்டது. மகனைத் துழாவினாள். காற்று. கல். மறுபடி காற்று. ஈரக்கால்கள் தரையில் ஓடும் சத்தம். ஒரு சின்ன மூச்சு. அப்புறம் அதுவும் இல்லை.

"மேல போ! பையன் என்கிட்ட இருக்கான்!" அண்ணனின் குரல்.

நம்பினாள். படியேறி ஓடினாள்.

வெளியே நல்ல வெயில். யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அண்ணன் வந்தான். தோளில் பையன், முகத்தை அவன் கழுத்தில் புதைத்தபடி. மஞ்சள் சட்டை. போன உயிர் திரும்பியது அவளுக்கு. அண்ணன் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினான். சாவியை அகழித் தண்ணீரில் எறிந்தான்.

"குடுண்ணா அவனை."

கொடுக்கவில்லை. இறுக்கிக்கொண்டான். அவள் கை நீட்டி மஞ்சள் சட்டையின் முதுகைத் தொட்டாள். நனைந்த சுவர்போல் சில்லென்றிருந்தது.

மகள் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அம்மா, இது தம்பி இல்ல."

கதவுக்குள்ளிருந்து, "அம்மா!"

"எதிரொலிம்மா," என்றான் அண்ணன். அவன் கண்ணில் நீர் வழிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் பார்த்ததேயில்லை.

தோளில் இருந்தது தலையைத் தூக்கியது. "அப்பா, வீட்டுக்குப் போலாம்."

இரும்புக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. மிகத் தாழ்வாக. ஒரு சின்னக் கை எட்டும் உயரத்தில்.