நான்குக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

பூஜ்யம் ஒரு கணம் ஒன்றானது. வெலினா கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் மறுபடி பூஜ்யம்.

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரத்து லிஃப்ட் புகார்களில் எத்தனை பாக்கி என்று சொல்லும் அந்தப் பெரிய திரைக்குக் கீழே, லிஃப்ட் கம்பெனியின் சேவை உன்னதத் துறை இயக்குநர் பஜாகோவ், வியன்னா தலைமையகத்திலிருந்து வந்த மூவருக்குப் பனித்சா என்ற வெண்ணெய்ப் பலகாரத்தை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். துறைக்கு மொத்தம் மூன்று மேசை. உன்னதத்துக்கு அது போதும்.

அந்தப் பூஜ்யம் வெலினாவின் கைவேலை. "திங்கக்கிழமை அங்க சைபர் தெரியணும். தெரிஞ்சா உனக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா வேற இடம் பாத்துக்க" என்று வெள்ளிக்கிழமை பஜாகோவ் சொல்லியிருந்தார். இடித்துத் தள்ளிய நான்காம் கட்டடத்து லிஃப்டின் அபாய மணிக் கம்பி மட்டும் ஈர மண்ணில் கிடந்து, அ வாசல், ஆ வாசல், இ வாசல் என்று ஆளில்லாமலே புகார் அனுப்பிக்கொண்டிருந்தது. வாசல் வாசலாக மறைக்கப் பொறுமையில்லை. நான்குக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டாள்: நான்கில் தொடங்கும் எதையும் காட்டாதே. வரிசை வழித்துத் துடைத்ததுபோலானது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

திரையில் மறுபடி ஒன்று. புதுப் புகார் நுழைந்து, வடிகட்டி அதை விழுங்கும் இமைப்பொழுது.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத் தன் கணினியில் மட்டும் பார்த்தாள். நான்காம் கட்டடம் கொஞ்சம்தான். மீதி அத்தனையும் நாற்பத்தேழாம் கட்டடம், ஆ வாசல், லிஃப்டின் உள்ளிருந்து மணி. நாற்பத்தேழும் நான்கில்தான் தொடங்குகிறது. வெள்ளி மாலை ஆறு பத்துக்கு ஒரே நிமிடத்தில் ஒன்பது. பிறகு நிமிடத்துக்கு ஒன்று. சனிக்கிழமை மணிக்கு ஒன்று. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு ஒரே ஒன்று. அப்புறம் எதுவுமில்லை, சற்றுமுன் வந்த இரண்டைத் தவிர.

லிஃப்ட் நின்றால் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவது அந்தக் கட்டடத்தாருக்குப் பழக்கம். கம்பெனி வரும் என்று நம்புகிறவர்கள்.

உயிரோடிருக்கிறார் யாரோ. பக்கத்துத் தெருவில் வேலையிலிருந்த மெக்கானிக் ஸ்தமாத்தை அனுப்பினாள். காத்திருந்த கால் மணி நேரமும் வெண்ணெய் வாசனையும் சிரிப்புச் சத்தமும் காற்றில் தேங்கி நின்றன. ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் இருட்டு கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தது.

போன் அடித்தது.

"தெறந்துட்டேம்மா. ஒரு பெரியவர். மடியில பால் பாக்கெட். வெறைச்சுப் போயி ஒரு நாளுக்கு மேல இருக்கும்."

"இல்லண்ணே, இப்பதான் மணி அடிச்சாரு!"

"இவரா? கையெல்லாம் கட்டையா கெடக்கும்மா."

திரையில் ஒன்று. பூஜ்யம்.

"அண்ணே, நீங்க அமுக்குனீங்களா?"

"நான் அவரை வெளிய படுக்கவெச்சிட்டு நிக்கிறேன். மெயின அணைச்சாச்சு. உள்ள கும்மிருட்டு."

ஒன்று. பூஜ்யம்.

வெலினா எழுந்துபோய் பஜாகோவின் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்திலிருந்த புன்னகை இடம் மாறவில்லை.

"ஆள் வெளிய வந்தாச்சுல்ல? அப்ப அது முடிஞ்ச புகார்."

"இப்பவும் வருது சார்."

"நம்பர் ஏன் போடுற? வெறும் நட்சத்திரம் போடு. திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் மறைஞ்சிரும். நிரந்தர உத்தரவு என் பையிலதான் இருக்கு."

மேசைக்கு வந்தாள். எங்கோ எட்டத்தில் இருந்தன விரல்கள். நட்சத்திரம். வெறும் நட்சத்திரம். அழுத்தினாள்.

பூஜ்யம். அசையாத பூஜ்யம்.

பஜாகோவ் கைகாட்ட, வியன்னாக்காரர்கள் தட்டுகளை வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார்கள்.

போன் இன்னும் காதில்.

"வெலினா." ஸ்தமாத்தின் குரல் மூச்சாகத் தேய்ந்திருந்தது. "டார்ச் அடிச்சிப் பாக்கறேன். உள்ள யாருமில்ல. அந்தப் பொத்தான்..."

டக்.

"தானா உள்ள போகுதும்மா."

டக். டக்.

பச்சைப் பூஜ்யம். கைதட்டல்.

டக்.