ஐந்தாவது ஆள்

இடுப்பில் பிடித்துக் காலுக்கு இறங்கும் நரம்பு வலி என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பொன்மணிக்கோ அது கீழிருந்து மேலே ஏறியது. தை மாதம் குதிகாலில் இருந்தது, பங்குனியில் கெண்டைக்காலுக்கு வந்தது, இப்போது முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றுகொண்டு, மொட்டை விரலால் சுவரைப் பிறாண்டுவதுபோல இரவும் பகலும் பிறாண்டியது. இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு நரம்புச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

விருதுநகரில் சோதனை அறை மாடியில் இருந்தது. பக்கத்துக் கிட்டங்கியில் வத்தல் மூட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மூடிய ஜன்னலையும் மீறிக் காரநெடி வந்தது. கணவன் செல்லப்பாண்டி அவளைத் தாங்கிக் கட்டிலில் ஏற்றிவிட்டான்.

"இன்னைக்குக் காரணம் தெரிஞ்சிரும் புள்ள."

தெரியக் கூடாது என்றுதான் பொன்மணி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அச்சங்குளம் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனி வெடித்தது. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். சீசனில் ஐந்தாவதாக ஒருத்தியை உட்காரவைப்பார்கள். யார் கேட்டாலும் நாலு என்று சொல்லச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். வாசலோரம் இருந்ததால் தப்பிய பொன்மணியிடம் தீயணைப்புக்காரர், "ரூமுல எத்தன பேரு?" என்று கேட்டதும் வாய் தானாக "நாலு" என்றது. இடிபாட்டிலிருந்து மூன்று பேரை எடுத்தார்கள். அவளோடு நாலு. தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் போகும்போதுதான், அன்றைக்கு ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த இருளம்மாளின் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரி, தேடி வர ஆளில்லாதவள். பக்கத்தில் போர்மேன் உட்கார்ந்திருந்தான். பொன்மணி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கல்லை அள்ளியபோது இருளம்மாள் கிடந்தாள். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள். விரல்களில் ஒரு நகம்கூட இல்லையாம்.

சோதனை செய்யும் ஷிபானா கெண்டைக்காலில் மெல்லிய ஊசியை இறக்கினாள். ஊசியிலிருந்து போன வயர் ஒரு பெட்டியில் முடிந்தது. தசையின் சத்தத்தை அது வெளியே கேட்கவைக்கும்.

"காலை லூசா விடுங்கக்கா. சும்மா இருக்குற தசை சத்தம் போடாது."

பெட்டி கொஞ்ச நேரம் தகரத்தில் தூறல் விழுவதுபோலச் சலசலத்தது. அப்புறம் அடங்கியது.

டொக். டொக். டொக்.

"ஆட்டாதீகக்கா."

"நான் ஆட்டல."

ஷிபானா வயரை மாற்றினாள். டொக். டொக். டொக். கல்லில் கல்லைத் தட்டும் சத்தம். இடைவெளி. பதிலுக்குக் காத்திருக்கும் இடைவெளி.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றான் செல்லப்பாண்டி.

டொக்.

பொன்மணியால் தாங்க முடியவில்லை. "அஞ்சு பேரு," என்றாள். "ரூமுல அஞ்சு பேரு இருந்தோம். இருளம்மா உள்ள கெடந்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

"என்ன புள்ள சொல்லுத?"

சத்தம் நின்றது. வலியும் நின்றது. அத்தனை மாத வலி, ஒரே நொடியில். பொன்மணி வாய்விட்டு அழுதாள். இருளம்மாள் மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தாள். ஷிபானா ஊசியை உருவி, மெஷினை அணைத்து, பஞ்சோடு திரும்பினாள்.

திரும்பியவள் அசையவில்லை.

பொன்மணி குனிந்து பார்த்தாள். கெண்டைக்காலில் தோல் உள்ளிருந்து விரல்நுனி அளவுக்குப் புடைத்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நாலு. ஐந்து.

ஐந்தும் மேலே நகர்ந்தன. முழங்காலைப் பற்றின. ஊன்றின.

வலிக்கவே இல்லை. தோலுக்கடியில் ஒரு மணிக்கட்டு மெதுவாக ஏறி வந்தது.