தாய்க்கிழங்கு

வராந்தாவில் விரித்திருந்த செய்தித்தாள் காலியாகக் கிடந்தது.

நேற்று சாயங்காலம்தான் அவள் கொல்லையில் மந்தாரை மரத்தடியில் இருந்த லில்லிப் பாத்தியைத் தோண்டி, பெரிய தாய்க்கிழங்கோடு ஒட்டிக்கொண்டிருந்த பதினொரு குட்டிக் கிழங்குகளைக் கத்தியால் பிரித்து, வெட்டுவாய் நிழலில் காயட்டும் என்று அந்தத் தாளில் பரப்பியிருந்தாள். தாய்க்கிழங்கை மட்டும் திரும்ப நட்டாள். இப்போது பதினொன்றும் பாத்தியில், தாய்க்கிழங்கை ஒட்டி, மண் அமுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தன.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இடுப்பு ஒடியச் செய்த வேலை. ஆபீசுக்குப் போயிருந்த கணவனுக்கு போன் போட்டாள்.

"லில்லிப் பாத்தியில கை வெச்சது உங்க வேலையா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? ஏதாவது நாய் தோண்டியிருக்கும்."

"நாய் தோண்டும். திரும்ப நட்டு, மண்ணையும் தட்டி விட்டுட்டுப் போகுமா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் அவள் என்ன சொன்னாலும் கிடைப்பது அதுதான்.

கூடத்தில் நாலு வயது மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நீயாடி நட்ட?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத!"

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகுதான் குழந்தையின் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில்கூட மண் இல்லை. குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அடித்தது தப்பு என்று தெரிந்தும், சமாதானம் சொல்ல அவளுடைய கோபம் விடவில்லை.

கத்தியோடு பாத்திக்குப் போனாள். நேற்று அறுத்த குட்டிகள் ஒரே ராத்திரியில் தாயோடு ஒட்டிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக மறுபடி அறுத்தாள். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ கசிந்து, மணிக்கட்டு வழியாக வெதுவெதுப்பாக இறங்கியது. முகர்ந்து பார்த்தாள், மகளுக்குப் பால் கொடுத்த மாதங்களில் தன் ரவிக்கையெல்லாம் வீசிய அதே பால் வாசனை. கையை மண்ணில் துடைத்தாள். பதினொன்றையும் ஒரு பையில் திணித்து, கேட்டைச் சாத்திவிட்டு ஓடி, தெருமுனையில் நின்ற குப்பை வண்டிக்குள் வீசினாள்.

"ஒழிஞ்சது சனியன்!"

திரும்பி வரும்போது உச்சி வெயில். தெரு வழக்கம்போல இருந்தது. கேட்டைத் திறந்ததும் அந்தப் பால் வாசனை மூக்கில் ஏறியது. கூரைக்கு மேலே தெரிந்த மந்தாரையில் ஒரு பூ இல்லை. எல்லாம் உதிர்ந்திருந்தன. வீட்டின் பின்பக்கமிருந்து பொத், பொத் என்று மண்ணைத் தட்டும் சத்தம் சீராக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் கிரேயான்கள் சிதறிக் கிடந்தன. குழந்தை இல்லை.

"கண்ணு?"

தட்டும் சத்தம் நின்றது.

ஓடினாள். படி தடுக்கியது. எழுந்தாள். ஓடினாள்.

பாத்தியில் மகள் கழுத்துவரை மண்ணுக்குள் இருந்தாள். சுற்றிலும் மண் இதமாக அமுக்கி விடப்பட்டிருந்தது.

விழுந்து புரண்டு இரண்டு கைகளாலும் மண்ணைப் பறித்தாள். நகம் பெயர்ந்தது. பறிக்கப் பறிக்க மண் இறுகியது.

"அடிக்க மாட்டேன்டி! இனிமே அடிக்கவே மாட்டேன், வாடி செல்லம்!"

குழந்தை அழவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கன்னத்தை மண்ணில் சாய்த்து, மண்ணிடம் மெல்லக் கேட்டது.

"அம்மா, இந்த ஆன்ட்டி யாரும்மா?"