பிணத்துக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்தவள்

மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்று மட்டும் வரவில்லை. அருள்செல்விக்கு முதலில் தட்டுப்பட்டது அதுதான்.

அப்புறம் குளிர். கம்பம் பக்கத்துப் பங்குனி வெயிலில், நடுப்பகலில் யாருக்காவது குளிருமா? அவளுக்கு முதுகெலும்பு வரைக்கும் குளிர்ந்தது. காலுக்குக் கீழே எங்கேயோ ஒரு மோட்டார் உறுமி உறுமி அடங்க, தெருவில் ஆட்கள் பேசுகிற சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி மங்கி வர, கண்ணுக்கு நேரே ஊதுபத்திப் புகை சுருள் சுருளாகப் போய்க்கொண்டிருந்தது. வாசம் இல்லை. மூக்கில் ஏதோ அடைத்திருந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டு கிளாரா அக்கா பிணத்துக்குக் காவலாக. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றிப்போன ஜீப் குமுளி மலையில் உருண்டதில் செத்துப்போனவள். துபாயிலிருந்து அண்ணன் பிரின்ஸ் வந்து முகம் பார்க்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிணம் கிடக்கிற வீட்டில் பெட்டியோரம் ஒருத்தராவது முழித்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் வேதக்காரக் கிறிஸ்தவருக்கும் மற்றவருக்கும் அது பொது. ராத்திரியெல்லாம் முழித்த பெண்கள் சாப்பிட எழுந்தபோது அம்மா ரோசம்மாள்தான் இவளை உட்காரவைத்தாள். "கண்ணசந்துராத ஆத்தா. இந்தா வந்துர்றேன்."

பதினாறு வயசுக் கண், சொன்னால் கேட்குமா? பெட்டியின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

இப்போது அந்தக் கண்ணாடி முகத்துக்கு மேலே இருந்தது.

கையைத் தூக்கப் பார்த்தாள். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே ஜெபமாலை சுற்றியிருந்தது. ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். கழுத்துக்குழியிலிருந்து வயிறுவரை, சாக்குத் தைத்ததுபோல ஒரு தையல் இழுத்தது. அம்மா என்று கூப்பிட்டாள். தாடையைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

மூச்சே இல்லை.

இரண்டு பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

"கண்ணு பாதி தொறந்து கெடக்கு பாரு. பிள்ளையத் தேடுறா."

"தேடாம? அவ புருசன் ஆரோக்கிய பிரபு வளத்துருவானாக்கும். அடுத்த கல்யாணத்துப் புதுச்சட்டைக்கு இந்நேரம் அளவு குடுத்திருப்பான்."

"மெல்லப் பேசுடி. அருளு முழிச்சுட்டா."

பெட்டியோரத்திலிருந்து மஞ்சள் சுடிதார் ஒன்று எழுந்தது. அருள்செல்வியின் சடை. அருள்செல்வியின் கம்மல். அது தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தது.

உள்ளே பிள்ளை அழுதது. மூன்று நாளாக யார் தூக்கினாலும் அடங்காத பிள்ளை. மஞ்சள் சுடிதார் ஓடிப்போய் வாரி இடுப்பில் வைத்தது. அழுகை அறுத்தாற்போல் நின்றது.

"பிரின்சு வந்துட்டாக. எடுத்துரலாம்," என்றார் யாரோ.

பெட்டி திறந்தது. வெக்கை. கைகள். மரப்பெட்டி.

கடைசி முத்தத்துக்கு வரிசை நின்றது. அம்மா குனிந்தாள். அம்மாவின் கண்ணீர் கன்னத்தில் விழுந்தது, சூடாக. அம்மா, நான். நான்தான். பாரும்மா. அம்மா பார்த்தாள். "போய்ட்டு வா கிளாரா," என்று சொல்லி நகர்ந்தாள்.

அடுத்து குனிந்தது அவளுடைய சொந்த முகம்.

நெற்றியில் உதடு பட்டது. காதோரம், அவளுடைய குரலிலேயே, மிகவும் மெதுவாக: "அவனுக்கு இன்னும் நடக்கவே வரல, அருளு. நான் எப்பிடிப் போவேன்?"

முகத்தை மூடித் துணி விழுந்தது. மெல்லிய துணி. வெளிச்சம் தெரிந்தது. மூடி இறங்கியது. ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியாக, தேம்பி அழுகிற மஞ்சள் சுடிதாரை ரோசம்மாள் மார்போடு அணைத்து, முந்தானையால் முகம் துடைத்துவிடுவது தெரிந்தது.

"அழாத ஆத்தா," என்றாள் ரோசம்மாள். "அம்மா இருக்கேன்ல."