நகைமானியும் நான்கு நிமிட மௌனப் படமும்

காலையில் பல் துலக்கி முடித்ததும் பரிதி இட்லிப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மனைவியின் முன் ஆடுவான். நப்பின்னை சிரிக்காமல் நிற்க வேண்டும். ஏழு மாதமாக நடக்கிற பயிற்சி இது. முதல் மாதம் வீடே அதிரச் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. ஆனாலும் பரிதிக்கு அவள்மேல் துளிகூட நம்பிக்கை இல்லை. அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருகிறாளோ என்று இரண்டு முறை எட்டிக்கூடப் பார்த்துவிட்டான்.

அடுத்தவர் விழுந்தால் சிரிப்பவர் கையில் குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்து முப்பது வருடம் ஆகிறது. பிள்ளை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இரக்கத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்பது பேச்சுக்குத்தான். உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும், அவ்வளவே. இருநூறு வருடத்துக்கு முந்தைய மௌனப் படம். கன்னத்தில் நகைமானி என்றொரு சென்சாரை ஒட்டிவிடுவார்கள். உதட்டோரம் துடித்தாலே அது காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் தோற்றால் இருவருக்கும் வளர்ப்பு உரிமம் கிடையாது, ஆயுளுக்கும்.

தேர்வு நாளன்று அதிகாரி ரொசாரியோ அம்மா விளக்கை அணைத்தார். திரையில் ஒரு குண்டு மனிதன் ஏணியைத் தோளில் சுமந்து வந்தான். யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினான். ஏணியின் பின்முனை ஒரு போலீஸ்காரரைப் பசை அண்டாவுக்குள் தள்ளியது. பதறிப்போய் மறுபக்கம் திரும்பினான். முன்முனை கடைக்காரரைத் தள்ளியது.

பரிதி அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் மனைவியின் உதட்டையே காவல் காத்தான். அது அசையவே இல்லை.

“ரெண்டு பேருக்குமே சுழியம். பாஸ் பண்ணிட்டீங்க,” என்றார் ரொசாரியோ அம்மா.

வெளியே வந்ததும் பரிதி கேட்டான்: “எப்படி அடக்கின?”

“நான் எங்கங்க அடக்கினேன்? சிரிப்பே வரல.”

பொய் சொல்கிறாள் என்றே நினைத்தான்.

பதினோராம் நாள் வளர்ப்பு மகளாக ஆதிரை வந்தாள். ஒன்றரை வயது. கூடத்தில் தத்தித் தத்தி ஓடியவள் தன் கவுனையே மிதித்துத் தொப்பென்று உட்கார்ந்தாள். அடியேதும் இல்லை. ஒரு கணம் முழித்துவிட்டு, இருக்கிற ஆறு பல்லும் தெரியச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் தேடி நிமிர்ந்து பார்த்தாள்.

“சிரியேன். இங்கதான் சென்சார் இல்லையே,” என்றான் பரிதி மனைவியிடம், பதற்றத்தோடு.

“முதல்ல நீங்க சிரிங்க.”

அவன் வாயைத் திறந்து பார்த்தான். கன்னம்தான் இழுத்தது. ஏழு மாதம் மனைவியின் உதட்டுக்குக் காவல் இருந்தவனுக்குச் சொந்தச் சிரிப்பு எப்போது போனதென்றே தெரியவில்லை. தேர்வன்று அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆதிரை எழுந்து, இந்த முறை வேண்டுமென்றே விழுந்து காட்டினாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்புச் செய்தோம் என்று சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு, மெல்ல எழுந்து, இனி விழுந்துவிடாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.