மூன்றாம் மாடிக் கிணறு

சமையலறைக் குழாயைத் திருகியதும் முதலில் தண்ணீர் வரவில்லை. கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் வந்தது. கிறீச் என்று ஒரு இழுப்பு, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு; நனைந்த கயிறு துருப்பிடித்த சக்கரத்தில் உரச, ஆழத்திலிருந்து பாரமான ஏதோ நிதானமாக ஏறி வருகிற சத்தம். அப்புறம்தான் தண்ணீர் வந்தது, ஒன்றுமே நடவாததுபோல அடக்கமாக.

ஆய்வாளர் குழாயை மூடினார். மூன்றாம் மாடி வீடு. மொட்டைமாடியில் தொட்டி, அதற்கு ஒரு மோட்டார். கட்டடத்தில் கிணறு என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். எந்தச் சரக்கையும் பிறர் தலையில் கட்டத் தெரிந்தவர்தான். இந்த முறை விற்பவரும் வாங்குபவரும் அவரே என்பதால் பேரம் படியவில்லை.

"என்னங்க, குழாயை இப்படிப் பார்க்கறீங்க? என்னைக்கூட ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்ல" என்றாள் மனைவி, படுக்கையறையிலிருந்து எட்டிப் பார்த்து.

"காத்து அடைச்சிருக்கு போல."

"அடைச்சா திறந்து விடுங்க. பாப்பாவுக்கு மாத்திரை குடுக்கணும். தண்ணி வேணும்."

பாப்பாவுக்குக் காய்ச்சல் இன்றுதான் இறங்கியிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. உடம்பு வறண்டுவிடாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆய்வாளருக்குப் பிழைப்பே தண்ணீர்தான். வட்டாரத்து ஆலைகள் அனுமதித்த அளவுக்குத்தான் தண்ணீர் எடுக்கின்றனவா, எடுத்ததை என்ன லட்சணத்தில் வெளியே விடுகின்றன என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் ஆற்றிலும் வாய்க்காலிலும் கிணறுகளிலும் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ, அதே தண்ணீரால் பாட்டிலை முதலில் அலச வேண்டும் என்பது தொழிலில் கண்டிப்பு. பாட்டிலுக்கு அதன் கிணற்றை அறிமுகம் செய்துவைப்பது என்று அலுவலகத்தில் கேலியாகச் சொல்வார்கள்.

கீழ்க்கரைக் கிணறு சாய ஆலைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தையற்காரம்மாவின் கொல்லையில் இருந்தது. முதல் தடவை போனபோது அவள் நகங்கள் ஊதாவாக இருந்தன.

"அட, புது நகப்பூச்சா? கலர் எடுப்பா இருக்கே" என்றார் ஆய்வாளர், வேடிக்கையாக.

அவள் சிரித்தாள். "பூச்சு இல்லீங்க சார். இந்தத் தண்ணிதான்."

உள்ளே போய் ஒரு தம்ளரைக் கழுவி எடுத்துவந்தாள். கிணற்றுத் தண்ணீரை மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். சண்டைபிடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தாள். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன், சார்."

தாகமில்லை என்றார். அடுத்த மாதமும் தாகமில்லை என்றார். ஒரு மனிதனுக்கு எத்தனை மாதம்தான் தாகமில்லாமல் இருக்கும்? போவதையே விட்டுவிட்டார்.

ஆலைக்காரன் அவர் கையில் ஒன்றும் வைக்கவில்லை. வைத்திருந்தால்கூட அது வியாபாரம், கூசாமல் இருந்திருப்பார். அந்தத் தம்ளரைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கீழ்க்கரைக் கிணறு என்று சீட்டு ஒட்டிய பாட்டிலைத் தன் வீட்டுச் சமையலறையில் வைத்து, இந்தக் குழாயில் அலசி, இந்தக் குழாயிலேயே பிடித்து அனுப்பினார். எடைக்கல்லைத் தேய்க்கிறவன்கூடக் கடையோடு நிறுத்திக்கொள்வான். இவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். கீழ்க்கரைத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. அதை நம்பி ஆலையின் உரிமத்தைப் புதுப்பித்தார்கள். முன்னைவிட அதிகமாக எடுக்கலாம், அதிகமாக விடலாம்.

இன்று மாலை வாசலில் இறக்கிவிடும்போது ஜீப் டிரைவர் சொன்னார்: "கீழ்க்கரைத் தையற்காரம்மா தவறிட்டாங்களாம் சார். வயித்துக் கோளாறுன்னாங்க." வண்டியை அணைக்கவில்லை, இவர் முகத்தையும் பார்க்கவில்லை. "நம்ம பாட்டில்ல நல்ல தண்ணியாத்தானே இருந்துச்சு?"

அதை நினைத்தபடி குழாயடியில் நின்றிருக்கையில் மின்சாரம் போனது.

ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் பாத்திரங்கள் தம் பளபளப்பை ஒவ்வொன்றாக இழந்தன. கழுவுதொட்டியின் துவாரத்திலிருந்து மெல்ல ஒரு வாடை கிளம்பி வந்தது. கொதிக்கிற சாயமும் ஈரத்துணியும் கெட்டுப்போன முட்டையும் கலந்த, அவர் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த, ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இத்தனை காலம் தப்பித்துவந்த அதே வாடை.

"குழாத்தண்ணி குடுக்காத" என்றார். "கடையில வாங்கிட்டு வரேன்."

"ஏன், நம்ம தண்ணிக்கு என்ன?"

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கீழ்க்கரைப் பாட்டிலில் இந்தத் தண்ணீரைத்தான் பிடித்தேன். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. இவள் நாளைக்கு எந்தக் கண்ணால் தன்னைப் பார்ப்பாள் என்று நினைத்தார். வாக்கியம் திரும்பிப் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"ஊர்த் தண்ணிக்கெல்லாம் சான்று குடுக்கறவர், வீட்டுத் தண்ணியைப் பார்த்துப் பயப்படறார்!" என்று அவள் சிரித்தாள். "சரி, சீக்கிரம் வாங்க."

படியிறங்கினார். கால் ஈரத்தில் பட்டது. கைபேசி வெளிச்சத்தைக் கீழே திருப்பினார்.

படியில் ஒரு வட்டம். ஈர வட்டம். குடத்தை இறக்கிவைத்து எடுத்தால் விழுகிற தடம். அடுத்த படியிலும் ஒன்று. அதற்கடுத்த படியில் இரண்டு. திருப்பத்தில் தரை முழுக்க வட்டங்கள், வரிசையில் நின்றவர்கள் கை மாற்றிக் கை மாற்றி வைத்ததுபோல. பக்கத்தில் வெறுங்கால் தடங்கள். எல்லாம் மேல்நோக்கி. இறங்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

வெளிச்சத்தை உயர்த்தினார். தடங்கள் அவர் வீட்டுக் கதவில் முடிந்தன.

ஓடினார். கதவு திறந்திருந்தது.

மனைவி கூடத்துச் சுவரோடு ஒதுங்கி நின்றாள், யாருக்கோ வழிவிடுகிறவள்போல. குரலில் பதற்றமே இல்லை.

"எல்லாம் உங்களைத் தெரிஞ்சவங்களாம். தண்ணிக்கு வந்திருக்காங்க. இந்த வட்டாரத்துலயே இங்கதான் நல்ல தண்ணின்னு நீங்கதான் சொன்னீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சமையலறையில் குடங்கள் இடித்துக்கொண்டன. புடவைகளிலிருந்து நீர் சொட்டியது. யாரோ இருமினார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. ராட்டினம் சுற்றியது. கிறீச். நிறுத்தம். கிறீச்.

"பாப்பா எங்க?"

"தண்ணி கேட்டா. அந்தம்மாவே மொண்டு குடுத்தாங்க."

கைபேசி அணைந்தது. தட்டினார். எரியவில்லை.

இருட்டிலிருந்து பாப்பா வந்தாள். வெறுங்கால். சளக், சளக். வெடித்திருந்த உதடு இப்போது நனைந்து மின்னியது. முகத்தில் நல்ல தெளிவு. ஒரு சொட்டும் சிந்தாமல் தம்ளரை ஏந்தி வந்து, அவர் முன்னால் நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள். ஜன்னலின் கடைசி வெளிச்சம் அந்தச் சின்ன விரல்களில் விழுந்தது.

நகங்கள் பத்தும் ஊதா.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன், சார்."

சமையலறையில் ராட்டினம் நின்றது. குடங்கள் நின்றன. தாகமில்லை என்று சொல்ல ஆய்வாளர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, சொல் வரவில்லை; தொண்டை அடிவரை காய்ந்திருந்தது. பாப்பா தம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.